உயர்வேகத் தோட்டா மறுநிரப்பல்

உயர்வேகத் தோட்டா மறுநிரப்பல் என்பது ஒருமுறை சுடப்பட்ட ரைபிள் தோட்டாவின் பித்தளை உறையைச் சீர்செய்து, அதில் புதிய தீமூட்டி, மருந்து, குண்டு ஆகியவற்றைக் கையால் பொருத்தி மீண்டும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்கும் வேலையாகும். தொழிற்சாலைத் தோட்டாவின் விலை, தட்டுப்பாடு, குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு மிகப் பொருந்தும் தோட்டாவைப் பெறும் விருப்பம் ஆகியவை இதற்குக் காரணங்களாகும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பல நாடுகள் ஆகியவற்றில் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இன்றி இதைச் செய்வது குற்றமாகும்.

குறைந்த வேகத் தோட்டாக்களில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறு பிழைகள் உயர்வேகத் தோட்டாக்களில் பொறுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆகவே இத்துறையில் ஈடுபடுவோர் அடையும் சலிப்புகளில் பெரும்பாலானவை ஒரே மூலத்தைக் கொண்டவை. வேகம் கூடக்கூட, பாதுகாப்பான நிலைக்கும் ஆபத்தான நிலைக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகுகிறது. நீலகிரி மாவட்டத்தின் அருவங்காட்டில் தயாரிக்கப்பட்ட கார்டைட் என்னும் மருந்தின் வரலாறு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

தோட்டாவின் உறுப்புகள்

பேச்சு வழக்கில் தோட்டா, குண்டு, ரவை ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுகின்றன. இக்கட்டுரையில் தோட்டா என்பது முழுமையான பொதியைக் குறிக்கும். குழலிலிருந்து வெளியேறிச் செல்லும் உலோகத் துண்டு மட்டுமே குண்டு. அதனைப் பிடித்திருக்கும் பித்தளைக் குப்பி உறை எனப்படும். உறையின் அடியில் பதிக்கப்பட்டுள்ள, அடிபட்டவுடன் தீப்பொறி தரும் சிறு கிண்ணம் தீமூட்டி; நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போர் இதனைக் கேப்பு என்பர். உறைக்குள் எரிந்து வளிமமாகி குண்டை உந்துவது மருந்து. கருமருந்து என்ற பழைய சொல்லின் தொடர்ச்சியாக இன்றும் மருந்து என்றே வழங்குகிறது.

உயர்வேகத் தோட்டாவின் உறை பொதுவாகப் புட்டி வடிவில் இருக்கும். அகன்ற உடல், சரிந்த தோள், குறுகிய கழுத்து என அதன் பகுதிகள் பெயரிடப்படுகின்றன. மருந்தின் எடை கிரெயின் என்னும் அலகில் சொல்லப்படுகிறது. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம் நகைத்தொழிலாளர் பயன்படுத்திய குன்றிமணி எடையில் இது ஏறத்தாழப் பாதியாகும். இந்த அளவுக்கு நுண்ணிய எடை வேறுபாடுகளையும், சில வேளை அதனிலும் பத்தில் ஒரு பங்கையும் பார்த்தே மறுநிரப்பல் செய்யப்படுகிறது.

கருமருந்துக் காலம்

மறுநிரப்பல் புதிய கலை அன்று. வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளில் ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து கொட்டி, அடைப்பு இட்டு, குண்டை இடித்து இறக்கியே சுட வேண்டியிருந்தது. பித்தளை உறைகள் வந்த பின்னரும், 19 ஆம் நூற்றாண்டில் விற்கப்பட்ட பல வேட்டைத் துப்பாக்கிப் பெட்டிகளில் மறுநிரப்பும் கருவிகள் சேர்ந்தே வந்தன. கடைத்தெருவிலிருந்து பல நாள் பயணத் தொலைவில் முகாமிட்டிருந்தவர்களுக்கு அது இன்றியமையாததாக இருந்தது.

கருமருந்து பொறுமையான பொருள். அதைக் கரண்டியால் அள்ளி அளந்தாலே போதும். பத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ நல்ல துப்பாக்கிக்குத் தீங்கு நேர்வதில்லை. ஆனால் அதனால் அடையத்தக்க வேகத்துக்கும் ஓர் உச்சம் உண்டு. 1871 இல் பிரித்தானியப் படையில் சேர்க்கப்பட்ட மார்ட்டினி-என்றி துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்திலேயே சென்றது. மேலும் மருந்தைத் திணித்தால் புகையும் கசடும் உதைப்பும் கூடினவேயன்றி வேகம் அந்த அளவில் கூடவில்லை.

1888 இல் ஏற்கப்பட்ட .303 தோட்டாவும் முதலில் அழுத்தப்பட்ட கருமருந்தையே கொண்டிருந்தது. 1891 இல் அதற்குக் கார்டைட் இடப்பட்டது. 1910 இல் வந்த மார்க் 7 என்னும் வகையில் 174 கிரெயின் (11.3 கிராம்) எடையுள்ள கூர்முனைக் குண்டு நொடிக்கு 744 மீட்டர் வேகத்தை எட்டியது. அக்காலத்துக்கு இது உயர்வேகம். இன்று அவ்வாறு கருதப்படுவதில்லை. 1935 இல் வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட .220 சுவிப்ட் தோட்டாவில் 48 கிரெயின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,250 மீட்டர் வேகம் பெற்றது. அமெரிக்கத் தொழில்துறை .22-250 என்னும் மற்றோர் உயர்வேகத் தோட்டாவுக்கு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. மகிழுந்து டயரில் உள்ள காற்றழுத்தம் அதே அலகில் 30 அளவில் இருக்கும். சுடுபவரின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு அழுத்தத்தை ஒரு மெல்லிய பித்தளைக் குப்பி அடைத்து நிற்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கார்டைட்டும் அருவங்காடும்

கார்டைட்டை பிரெடெரிக் ஏபெல், ஜேம்சு டூவர் ஆகிய வேதியியலாளர்கள் 1889 இல் காப்புரிமம் செய்தனர். இது பொடியாக இல்லாமல் சேமியா போன்ற நீண்ட இழைகளாக இருந்தது. கயிறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே இப்பெயர் வந்தது.

இந்தியாவுக்குத் தேவையான கார்டைட்டை இங்கேயே தயாரிக்க நீலகிரியில் குன்னூருக்கும் கேத்திக்கும் இடையிலுள்ள அருவங்காட்டில் ஓர் ஆலை நிறுவப்பட்டது. 1904 இல் அங்கு உற்பத்தி தொடங்கியது. அருகிலுள்ள காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து பெறப்பட்ட மின்னாற்றல் இந்த ஆலைக்குப் பயன்பட்டது. குளிர்ந்த மலைக்காற்று இவ்வகைத் தொழிலுக்கு ஏற்றது. நைட்ரோகிளிசரின் கலந்த மருந்துகள் வெப்பத்தில் விரைவாகச் சிதைவடையும். நீலகிரி மலை இரயில் பாதையில் இவ்வூருக்கு ஒரு நிலையமும் உண்டு. படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டதை அடுத்து, 2021 அக்டோபர் முதல் இவ்வாலை மியூனிசன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

மறுநிரப்புவோருக்குக் கார்டைட் தந்த முதல் ஏமாற்றம் எளிமையானது. அதை உறைக்குள் இட முடியாது. .303 தோட்டாவைச் செய்யும்போது ஆலையில் உறை நேர்க்குழாயாக இருக்கையிலேயே இழைக்கட்டு உள்ளே வைக்கப்பட்டு, மேலே ஓர் அட்டை வில்லை இடப்பட்டு, அதன் பிறகே கழுத்து ஒடுக்கப்பட்டது. முடிந்த உறையின் குறுகிய கழுத்து வழியாக அதே இழைக்கட்டைத் திரும்ப நுழைக்க இயலாது. ஆகவே நீலகிரியில் கார்டைட் ஆலைக்குச் சில மைல் தொலைவில் வாழ்ந்த ஒரு துரைக்கும் கூட அவ்வூர் மருந்தைக் கொண்டு தம் உறையை நிரப்பிக்கொள்ள வழி இருக்கவில்லை. பின்னாளில் வந்த மணி வடிவ நைட்ரோசெல்லுலோசு மருந்துகளே கையால் நிரப்புவதை ரைபிள்களுக்கு மீண்டும் சாத்தியமாக்கின.

இரண்டாவது சிக்கல் குழல் அரிப்பு. முதல் வகைக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. அது மிகுந்த வெப்பத்துடன் எரிந்து குழலின் உட்புறத்தைத் தின்றது. தென்னாப்பிரிக்கப் போரின்போது இக்குறை வெளிப்படையானது. அதன்பின் வந்த திருத்தப்பட்ட வகையில் நைட்ரோகிளிசரின் 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. குழலுக்கு மசகாக இருக்கும் என்று எண்ணிச் சேர்க்கப்பட்ட வாசலைன் அந்த வேலையைச் செய்யவில்லை. மாறாக மருந்து கெடாமல் காக்கும் பொருளாக அது பயன்பட்டது பின்னரே தெரிய வந்தது. பொறியியலில் தவறான காரணத்துக்காகச் செய்யப்பட்ட சரியான செயல்களுள் இதுவும் ஒன்று.

வெப்பமும் அழுத்தமும்

மருந்தின் தொடக்க வெப்பநிலை உயர்ந்தால் அது விரைவாக எரியும். விரைவாக எரிந்தால் அழுத்தம் உயரும். இங்கிலாந்தின் குளிரில் சோதித்துச் செய்யப்பட்ட கார்டைட் தோட்டாக்கள் இந்தியாவின் கோடையில் எதிர்பாராத அழுத்தத்தைத் தந்தன. உறை அறையில் ஒட்டிக்கொண்டு வெளிவர மறுத்தது. இரட்டைக்குழல் ரைபிளில் இப்படி நிகழ்வது, காயம்பட்ட விலங்கு எதிரே நிற்கும்போது, உயிருக்கே உலை வைப்பதாகும். ஆகவே இலண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்து குறைத்து நிரப்பிய வெப்பமண்டலத் தோட்டாக்களைத் தனியே விற்றன.

இன்றைய மருந்துகளில் சில வெப்பத்தால் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. ஆயினும் உணர்வுமிக்க மருந்துகளில், ஒரு பாகை செல்சியசு மாற்றத்துக்கு நொடிக்கு அரை மீட்டர் அளவில் வேகம் மாறுவது வழக்கம். இதை நீலகிரியில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரியில் அங்கு உறைபனி விழும் விடியலில் வெப்பநிலை சுழியை நெருங்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதையில் இறங்கினால் மேட்டுப்பாளையம். கோடையில் அங்கு 35 பாகை இயல்பு. உதகையின் குளிரில் உச்ச வரம்பை ஒட்டி நிரப்பப்பட்ட தோட்டா, சமவெளி வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்தால் வரம்பைக் கடந்துவிடும். தோட்டாவில் எந்த மாற்றமும் செய்யப்பட்டிராது. ஊர் மட்டுமே மாறியிருக்கும்.

குறி தவறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குண்டின் மீதான தடை அங்கு குறைவாக இருப்பதால் அது தொலைவில் உயரமாகவே தைக்கும். கூடலூர் வட்டத்தில் முதுமலையை ஒட்டியுள்ள ஸ்ரீமதுரை போன்ற ஊர்கள் உதகையைவிட ஓராயிரம் மீட்டருக்கும் மேல் தாழ்ந்தவை. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தில் சரிசெய்த குறிக்காட்டி மற்றோரிடத்தில் நீண்ட தொலைவுக்குப் பொருந்தாது.

பித்தளை உறையின் சிக்கல்கள்

சுடும்போது உறை விரிந்து அறையின் சுவரை இறுகப் பற்றுகிறது. அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்குகிறது. ஆனால் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. மறுநிரப்புவோர் அதை எஃகு அச்சில் அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவருகின்றனர். விரிதலும் ஒடுக்கலும் மாறி மாறி நிகழ்வதால் பித்தளை சிறிது சிறிதாக முன்னோக்கி நகர்கிறது. கழுத்து நீள்கிறது, தடிக்கிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது. .220 சுவிப்ட் உறைகள் இதில் பெயர்பெற்றவை.

நீண்ட கழுத்தை வெட்டிக் குறைக்காவிட்டால் அது அறையின் முனையில் இடித்து, குண்டை விடாமல் கவ்விக்கொள்ளும். அழுத்தம் திடீரென எகிறும். மருந்தைச் சரியாக நிறுத்தவர், குண்டைச் சரியாகத் தேர்ந்தவர் கூட இந்த ஒரு காரணத்தால் விபத்துக்குள்ளாகலாம். மெலிந்த சுவரோ வேறு வகையில் பழிவாங்கும். ஏதோ ஒரு முறை சுடும்போது உறையின் அடி தனியாகக் கழன்று வர, மேற்பாதி அறைக்குள் சிக்கி நிற்கும். அதற்கு முன்னர் உறையின் வெளிப்புறத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று தோன்றும் என்பர். தோன்றாமலும் போகலாம். ஆகவே முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரில் பள்ளம் தட்டுப்படுகிறதா எனத் தடவிப் பார்ப்பது வழக்கம்.

.303 உறைகள் இக்குறைக்கு இரட்டிப்பாக ஆளாகின்றன. அத்தோட்டா அறைக்குள் அடி விளிம்பால் மட்டுமே நிலைநிறுத்தப்படுகிறது. போர்க்களச் சேற்றிலும் தோட்டா தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக லீ-என்பீல்டு ரைபிள்களின் அறைகள் தாராளமாகக் கடையப்பட்டன. அதன் பூட்டுத்தண்டு பின்புறத்தில் பூட்டப்படுவதால் சுடும்போது சிறிது நெகிழவும் செய்யும். படைவீரன் உறையை எறிந்துவிடுவான். அவனுக்கு இதனால் இழப்பில்லை. அதே உறையை மீண்டும் பயன்படுத்த விரும்புபவருக்கு இரண்டு மூன்று சுடுகளிலேயே அது பயனற்றுப் போகிறது. முழு உறையையும் ஒடுக்காமல் கழுத்தை மட்டும் ஒடுக்குவது இதற்குக் கண்டறியப்பட்ட தீர்வு. ஆனால் அவ்வாறு செய்த உறை வேறொரு ரைபிளில் நுழையாமல் போகலாம்.

பித்தளையின் இயல்பு பற்றிய முக்கியமான பாடம் ஒன்று இந்தியாவிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. பிரித்தானிய இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை இலாயங்களில் சேமித்து வைக்கப்பட்ட தோட்டாக்களின் கழுத்துகள் சுடாமலேயே வெடிப்பு விட்டன. பருவமழையோடு சேர்ந்து வந்ததால் இது பருவ வெடிப்பு எனப் பெயர் பெற்றது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரப்பதம், கழுத்தை ஒடுக்கியபோது உலோகத்தில் தங்கிய தகைவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே காரணம் என மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் 1921 இல் விளக்கினர். கழுத்தைச் சூடாக்கி ஆறவிட்டுத் தகைவை நீக்குவதே தீர்வாகும். படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறம் அச்சூட்டின் அடையாளம்.

மறுநிரப்புவோரும் சில சுடுகளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டியுள்ளது. கழுத்து போதிய அளவு சூடாகாவிட்டால் பயனில்லை. சூடு அடிப்பகுதி வரை பரவி அது மென்மையானால் உறை ஆபத்தானதாகிவிடும். குழலில் படியும் செம்பை நீக்க விற்கப்படும் பல நீர்மங்களில் அமோனியா இருப்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். அந்தப் புட்டியையும் உறைப் பெட்டியையும் ஒரே அலமாரியில் வைப்பவர், தம் வீட்டிலேயே ஒரு குதிரை இலாயத்தை அமைத்துக்கொள்கிறார்.

தீமூட்டிச் சிக்கல்

தீமூட்டிகளில் இரு முறைகள் உண்டு. அமெரிக்கரான ஐரம் பெர்டான் வகுத்த முறையில், தீமூட்டி அடித்து நசுங்கும் சிறு கூம்பு உறையின் அடியிலேயே அமைந்துள்ளது. அதன் இருபுறமும் இரு சிறு துளைகள் இருக்கும். ஆங்கிலேயரான எட்வர்டு பாக்சர் வகுத்த முறையில் அக்கூம்பு தீமூட்டியிலேயே அடங்கியிருக்க, உறையின் நடுவில் ஒரே ஒரு துளை இருக்கும். காலப்போக்கில் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் நிலைபெற்றது வரலாற்றின் விளையாட்டு.

பாக்சர் உறையில் கழுத்து வழியே ஓர் ஊசியை இறக்கினால் பழைய தீமூட்டி நடுத்துளை வழியே வெளியே வந்துவிடும். பெர்டான் உறையில் நடுத்துளை இல்லாததால் ஊசி கூம்பில் முட்டி உடைகிறது. பிரித்தானிய, இந்தியப் படைத்துறை .303 உறைகள் பெர்டான் வகையின. ஆகவே கிடங்கு கிடங்காகக் குவிந்த உறைகளால் மறுநிரப்புவோருக்கு நடைமுறையில் பயன் இல்லை. நீரழுத்தம் கொண்டு தீமூட்டியை வெளியேற்றும் கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தியவர்களின் பொறுமை பாராட்டத்தக்கது.

பழைய தீமூட்டிகளின் வேதிப்பொருள்களும் தொல்லை தந்தன. அவற்றிலிருந்த பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்தது. பொட்டாசியம் குளோரேட்டு எரிந்து எஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்தது. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், தேவாலா பகுதிகள் பெறும் மழையை அறிந்தவர்களுக்கு இதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. துடைக்காத குழல் மறுநாளே செந்நிறம் காட்டும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. படைவீரர்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது இதனாலேயே ஆகும்.

குழல் தேய்வு

உயர்வேகத் தோட்டாவின் மருந்து எரியும் வெப்பம் குழலின் தொடக்கப் பகுதியை அரிக்கிறது. இப்பகுதி தொண்டை எனப்படும். சிறிய துளைக்குள் அதிக மருந்தை எரிப்பதால், .220 சுவிப்ட் போன்றவற்றில் ஒரு குழலின் துல்லியமான வாழ்நாள் சில ஆயிரம் சுடுகளுக்குள், சிலவேளை ஆயிரத்தை ஒட்டியே, முடிந்துவிடுகிறது. அதே குழல் விட்டம் கொண்ட .22 விளிம்புத்தீ ரைபிள் தலைமுறைகளைக் கடந்து உழைக்கும்.

தொண்டை அரிக்கப்படும்போது, குண்டு புரிகளைத் தொடுவதற்கு முன் கடக்கும் வெற்றிடம் நீள்கிறது. நூறு சுடுகளில் கண்டறிந்த சிறந்த அமைப்பு, ஐந்நூறாவது சுடில் சிறந்ததாக இருப்பதில்லை. குண்டைச் சற்று முன்தள்ளிப் பொருத்தினால் மீண்டும் துல்லியம் வரலாம். ஆனால் அப்போது தோட்டா நீண்டு, தோட்டா அடுக்கில் நுழையாமல் போகும்.

குண்டின் மேலுறையும் வேகத்தைத் தாங்க வேண்டும். மெல்லிய மேலுறையுள்ள குண்டு மிகு வேகத்தில் சுழன்று காற்றிலேயே சிதறுவதுண்டு. தைத்த இடத்தில் மேலோட்டமாகச் சிதறுவதும் உண்டு. 1911 இல் கென்யாவில், பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் எட்வர்டு கிரேயின் தம்பி சார்சு கிரே, அன்றைய புகழ்பெற்ற உயர்வேகத் தோட்டாவான .280 ராசைப் பயன்படுத்திச் சிங்கத்தைச் சுட்டும் அதனால் தாக்கப்பட்டு இறந்தார். வேகமே போதும் என்ற கருத்துக்கு எதிராக வேட்டைக்காரர்கள் நெடுங்காலம் இந்நிகழ்வையே எடுத்துக்காட்டினர்.

அளவீட்டில் நேரும் ஏமாற்றம்

மறுநிரப்புவோர் மிகுதியாக ஏமாறுவது தம் அளவீடுகளால்தான். புதிய அமைப்பொன்றில் ஐந்து தோட்டாக்கள் நிரப்பி, வேகமானியின் முன் சுட்டு, திட்டவிலக்கம் நொடிக்கு 10 மீட்டர் என வந்ததாகக் கொள்வோம். புள்ளியியல்படி, 90 விழுக்காடு நம்பக அளவில், அந்த அமைப்பின் உண்மையான திட்டவிலக்கம் 6.5 இலிருந்து 24 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்த ஐந்து தோட்டாக்களில் மருந்தைச் சற்று மாற்றி 7 எனப் பெற்றவர் முன்னேற்றம் கண்டதாக மகிழ்வார். பெரும்பாலும் அவர் கண்டது தற்செயலே. இருபது தோட்டாக்கள் சுட்டால் அந்த எல்லை 8 முதல் 14 வரையாகச் சுருங்கும். இலக்குத் தாளில் மூன்று துளைகள் நெருங்கி அமைவதைக் கொண்டு முடிவு செய்வது இதனினும் மோசமான வழி.

அப்படியானால் எல்லோரும் இருபது இருபதாகச் சுடலாமே என்று தோன்றும். ஐந்து வகை மருந்து, நான்கு வகைக் குண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிறை அளவுகள் என எடுத்துக்கொண்டால் 100 அமைப்புகள், 2,000 சுடுகள். ஆயிரத்தை ஒட்டித் தேயும் குழலில் சோதனை முடியும் முன்பே குழல் முடிந்துவிடும். மேலும் முதல் அமைப்பைச் சுட்ட குழலும் கடைசி அமைப்பைச் சுட்ட குழலும் ஒன்றல்ல. அளப்பதே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் இந்நிலை உயர்வேகத் தோட்டாக்களுக்கே உரியது. மெதுவான தோட்டாவைப் பயன்படுத்துவோர் எத்தனை முறையும் சுட்டுப் பார்க்கலாம்.

அழுத்தத்தை அளப்பதும் எளிதன்று. வீட்டில் அழுத்தமானி இல்லாதவர்கள் தீமூட்டி தட்டையாதல், உறையின் அடியில் தழும்பு விழுதல், பூட்டுத்தண்டு இறுகுதல் போன்ற அறிகுறிகளை நம்புகின்றனர். இவை தோன்றும் நேரத்தில் அழுத்தம் ஏற்கெனவே வரம்பைக் கடந்திருக்கும். தீமூட்டி மென்மையானதாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே தட்டையாகும். கடினமானதாக இருந்தால் மிகு அழுத்தத்திலும் ஆகாது. ஆகவேதான் மருந்து நிறுவனங்கள் ஆய்வகத்தில் அளந்து வெளியிடும் அட்டவணைகளின் தொடக்க அளவிலிருந்து படிப்படியாக மட்டுமே ஏற வேண்டும் என்பது அடிப்படை விதியாக உள்ளது. அட்டவணையில் உள்ள வேகம் தம் ரைபிளில் வரவில்லை என்பது மறுநிரப்புவோரின் பொதுவான குறை. ஆய்வகக் குழல் பெரும்பாலும் நீளமானது, அறை இறுக்கமானது. அந்த வேகத்தைத் தம் குழலில் எட்ட மருந்தைக் கூட்டுபவர், உண்மையில் அழுத்தத்தையே கூட்டுகிறார்.

இந்தியாவில் சட்ட நிலை

1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, உரிமம் இன்றிப் படைக்கலங்களையும் தோட்டாக்களையும் தயாரித்தல், விற்றல், மாற்றியமைத்தல் முதலியவற்றைத் தடை செய்கிறது. அச்சட்டத்தின் வரையறை மிக விரிவானது. தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் எந்திரங்களும் கூடத் தோட்டா என்ற சொல்லிலேயே அடங்கும். ஆகவே துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் மறுநிரப்பும் கருவியையும் வைத்துக்கொள்ளலாம் என எண்ணுவது தவறு. 1962 ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2016 இல் புதிய படைக்கல விதிகள் வந்தன. மருந்தைப் பொறுத்தவரை 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் குறுக்கிடுகிறது.

இந்தியாவில் புழங்கும் ரைபிள் அளவுகளுக்கும் சட்டமே காரணம். பெரிய துளை ரைபிள்களில் பெயர்பெற்றிருந்த .450 அளவு, படைத்துறை மார்ட்டினி-என்றிகளின் அளவோடு ஒத்திருந்ததால் 1907 இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. .470 போன்ற புதிய அளவுகள் அதை அடுத்தே பெருகின. .303 படைத்துறை அளவு என்பதால் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டது. அதன் இடத்தை ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவை ஒட்டிய .315 பிடித்துக்கொண்டது. இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் அதையே வேட்டை ரைபிளாகத் தயாரித்தன. .315 உயர்வேகத் தோட்டா அன்று. மேற்சொன்ன சலிப்புகளில் பல இந்தியர்களுக்கு அறிமுகமாகாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீலகிரியில்

நீலகிரி வேட்டைச் சங்கம் 1877 இல் தொடங்கப்பட்டது. வேட்டைக்குப் பருவமும் வரம்பும் வகுத்த நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879 இல் வந்தது. கூடலூரை உள்ளிட்ட அன்றைய நீலகிரி-வயநாட்டு வேட்டை பற்றி எப். டபிள்யூ. எப். பிளெட்சர் எழுதிய நூல் 1911 இல் வெளிவந்தது. கருமருந்திலிருந்து கார்டைட்டுக்கு மாறிய தலைமுறையின் பதிவு என்ற வகையில் அது பயனுள்ளது. முதுமலை 1940 இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வரையாடு, புலி முதலியவற்றை முதல் அட்டவணையில் சேர்த்தது. வேட்டைச் சங்கம் இன்று நீலகிரி காட்டுயிர், சூழல் சங்கம் என்ற பெயரில் பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டுள்ளது. 2007 இல் முதுமலை புலிகள் காப்பகமானது. அதனை அடுத்துள்ள ஸ்ரீமதுரை, மசினகுடி போன்ற ஊர்களில் கையால் நிரப்பிய தோட்டா பிடிபட்டால் அது படைக்கலச் சட்ட வழக்காக மட்டுமின்றிக் காட்டுயிர்க் குற்ற விசாரணையாகவும் விரிய வாய்ப்புண்டு.